வரிச் சலுகையும் விளையாட்டு மைதானமும்

கலாசாலை மாணவன் ஒருவன் நூறு மீட்டர் தூரம் ஓடுவதற்கு என்ன செலவாகும்? ஒன்றுமே ஆகாது, கால் இருக்கிறது, தரை இருக்கிறது, ஓட வேண்டியதுதானே என்று நினைக்கும் நேயர்கள் ஒரு முறை எங்கள் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் வந்து போகலாம். இவ்வூரில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரின் பெயர் தாங்கிய கலாசாலை ஒன்று இருக்கிறது. சங்கரன்கோவில் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் என்னிடம் இலக்கணம் படித்தவர்களும், படிக்க மறுத்து மைதானத்திலேயே நின்றவர்களும் அவர்களுள் உண்டு. பின்னவர்களைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத உத்தேசம்.

இவ்வூர் என்றில்லை, தென்ஜில்லாக்களின் எந்தக் கிராமப்புறக் கலாசாலையை எடுத்துக்கொண்டாலும் கதை ஒன்றே. ஓடுகிறவனுக்கு ஸ்பைக் ஷூ வேண்டும். அது ஒரு பருவத்துக்குமேல் உழைக்காது. பல்கலைக்கழகப் போட்டிக்குத் திருநெல்வேலி போய்வர பஸ் கட்டணம் வேண்டும். இரவு தங்க நேர்ந்தால் சாப்பாடு வேண்டும். தினமும் காலையில் நான்கு மைல் ஓடிவிட்டு நீராகாரத்தைக் குடித்து வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் வேண்டும். மாணவர்களிடம் வசூலாகும் விளையாட்டுக் கட்டணம் பந்துக்கும் வலைக்கும் சுண்ணாம்புக்குமே பற்றாது. மீதியை நிரப்புகிறவர்கள் பழைய மாணவர்கள், உள்ளூர் வியாபாரிகள், உத்தியோகம் கிடைத்து வெளியூர் போன புண்ணியவான்கள். அவர்கள் கொடுக்கும் பணத்தின் தலையெழுத்தை டில்லியில் வரிச் சட்டம் எழுதுகிறவர்கள் எப்படி மாற்றி எழுதுகிறார்கள் என்பது பலருக்கும் தெரியாத விஷயம். வருமான வரி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாமல் சற்றே பொறுத்தருள வேண்டும். கணக்கு சுலபமானதுதான், நானே புரிந்துகொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தர்மத்துக்குக் கொடுத்த பணத்தை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1922-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 15-பி என்று பின்னாளில் சேர்க்கப்பட்ட பிரிவு அது. 1961-ல் புதுச் சட்டம் வந்தபோது 88-ம் பிரிவாக அதில் இடம்பெற்று, 1968 ஏப்ரல் முதல் 80-ஜி என்ற பெயரைப் பெற்றது. அந்தப் பெயரில்தான் ரசீதுப் புத்தகங்களில் அச்சடித்து அதைக் கண்டிருப்பீர்கள். பதிவு பெற்ற தர்ம ஸ்தாபனத்துக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால் ஐந்நூறு ரூபாயை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதற்கும் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்ற உச்சவரம்பு உண்டு. குறிப்பிட்ட ஒரு ஜாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று ஏற்பட்ட ஸ்தாபனமாக அது இருக்கலாகாது. நல்ல நிபந்தனை, நம் பக்கத்துக்கு அவசியமான நிபந்தனையுங்கூட.

ஆனால் சட்டத்தின் தராசில் எல்லா ரூபாயும் ஒரே எடை அல்ல. 1998-ல் இந்திய சர்க்கார் ஏற்படுத்திய தேசிய விளையாட்டு வளர்ச்சி நிதிக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பினால் ஆயிரத்தையும் கழித்துக்கொள்ளலாம். அதே ஆயிரத்தை கிராமத்துக் கலாசாலை ஒன்றின் மைதானத்தைச் சமப்படுத்த அதன் அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பாதிதான். டில்லிக்குப் போகிற ரூபாய் முழு ரூபாய், மேலநீலிதநல்லூருக்கு வருகிற ரூபாய் எட்டணா! தேசிய நிதி வேண்டாமென்று சொல்ல வரவில்லை. ஒலிம்பிக் பந்தயத்துக்குப் போகிறவனுக்குப் பெரிய பயிற்சி வேண்டும், பெரிய பணமும் வேண்டும். ஆனால் அவன் ஒலிம்பிக் போகுமுன் எங்கே ஓடினான் என்பதையும் யாராவது யோசிக்க வேண்டாமா?

இது பழைய கதை. புதுக் கதை 2020-ல் தொடங்கியது. அந்த வருஷத்து வரவுசெலவுத் திட்டத்தில், பழைய சலுகைகளை எல்லாம் விட்டுவிட்டால் குறைந்த விகிதத்தில் வரி கட்டலாம் என்று இரண்டாவது பாதை ஒன்று திறந்தார்கள். முதலில் அது விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். 2023-24-ம் வருஷத்திலிருந்து அதுவே ராஜபாட்டை ஆயிற்று. பழைய முறை வேண்டுகிறவன்தான் தனியே கேட்க வேண்டும். 2024 ஜூலை முடிவுக்குள் கணக்குத் தாக்கல் செய்தவர்கள் சுமார் 7.28 கோடிப் பேர், அவர்களில் 5.27 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர், புது முறையில் போனார்கள். 2025-ம் வருஷத்து வரவுசெலவுத் திட்டம் 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை புது முறையில் வரியே இல்லை என்று செய்தது. மாதச் சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 ரூபாயும் சேர்ந்து 12.75 லட்சம். உபாத்தியாயர்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைத்திருப்பார்கள். என் வீட்டில் வைத்தார்கள்.

புது முறையில் 80-ஜி சலுகை கிடையாது. இந்த இடத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டும். சலுகையை யாரும் ரத்து செய்யவில்லை. 1961 சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் இயற்றி 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலாகும்படி செய்த புதுச் சட்டத்திலும் அது பத்திரமாகவே இருக்கிறது. சலுகை இருக்கிறது, அதைக் கேட்பவர்கள்தான் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகிறார்கள்.

இதே கூத்து அமெரிக்காவில் இரண்டு வருஷம் முன்னதாக வேறு வேஷத்தில் நடந்தது. அங்கே கலாசாலை விளையாட்டு என்பது நம் ஊர்த் தேர்த்திருவிழாவைவிடப் பெரிய சமாசாரம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்குமேல் உட்காரலாம். (அவர்கள் கால்பந்து என்று சொல்வது கையால் ஆடுவது, அது வேறு வியாசத்துக்கு உரியது.) நல்ல இடத்தில் ஆசனம் வேண்டுமென்றால் டிக்கெட் விலை கொடுத்தால் போதாது, அதற்குமுன் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கொடுத்தால்தான் டிக்கெட் வாங்கும் உரிமையே கிடைக்கும். ஆசனத்துக்காகக் கொடுப்பது தர்மமா, விலையா? வரி இலாகா 1980-களில் அது விலைதான் என்று தீர்மானித்தது. பல்கலைக்கழகங்கள் கூக்குரலிட்டன. 1986-ல் டெக்ஸாஸ், லூசியானா பல்கலைக்கழகங்கள் இரண்டுக்கு மட்டும் விலக்கு. மற்றவை சும்மா இருக்குமா? 1988-ல் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமரசம் செய்தார்கள். ஆயிரம் டாலர் கொடுத்தால் எண்ணூறு டாலர் தர்மம், இருநூறு டாலர் ஆசனம்! இந்த எண்பதுக்கு இருபது என்ற பங்கை எந்தத் தராசில் நிறுத்தார்களோ, அது முப்பது வருஷம் நீடித்தது.

2017 டிசம்பரில் நிறைவேறிய வரிச் சட்டம் 2018 முதல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. அந்த டிசம்பர் கடைசி வாரங்களில் பல கலாசாலைகள் தங்கள் நன்கொடையாளர்களுக்கு அவசரக் கடிதம் எழுதின. 31-ம் தேதிக்குள் வரப்போகும் ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள் என்று. அதே சட்டம் மற்றொன்றும் செய்தது. எந்த ரசீதும் காட்டாமல் கழித்துக்கொள்ளும் நிலையான கழிவைத் தம்பதிகளுக்கு 24,000 டாலர் என்று ஏறக்குறைய இருமடங்காக்கியது. அதன் விளைவாக, நன்கொடை ரசீதுகளைத் தனித்தனியே காட்டிக் கழிப்பவர்கள் நூற்றுக்கு முப்பது பேராக இருந்தது பத்துப் பேராகச் சுருங்கியது. இதனால் அந்நாட்டில் 2018-ல் தர்மத்துக்குப் போன பணம் சுமார் 2,000 கோடி டாலர் குறைந்தது என்று பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் ஆசனத்துக்காகக் கொடுத்தவன் சலுகை போன பிறகும் ஆட்டம் பார்க்க ஆசைப்படுகிறான். ஆசனம் வேண்டுமானால் அவன் கொடுத்தாக வேண்டும். எங்கள் பக்கத்து நன்கொடையாளனுக்குக் கிடைப்பது என்ன? பரிசளிப்பு விழாவில் ஒரு சால்வை, நோட்டீஸில் ஒரு வரி, பிளெக்ஸ் போர்டில் தபால் தலை அளவு ஒரு படம். சில சமயம் படத்தின்கீழே வேறொருவர் பெயர். இவற்றுக்காக யாரும் ஐயாயிரம் ரூபாய் கொடுப்பதில்லை. கொடுப்பவன் மனம் ஒன்றே இங்கே ஆதாரம். அப்படியானால் சலுகை போனாலும் கொடுப்பான் என்றுதானே எதிர்பார்க்க வேண்டும்?

அப்படித்தான் நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் பழைய மாணவர் ஒருவர். என் வகுப்பில் உட்கார்ந்தவர், பிறகு கலாசாலைக் கபடி அணியில் ஆடியவர். வருஷந்தோறும் மார்ச் மாதம் மூன்றாவது வாரத்தில் டெலிபோன் வரும். “ஸார், அந்த அறக்கட்டளைக் கணக்கு நம்பர் பழையதுதானே? ஐயாயிரம் அனுப்புகிறேன். ரசீது மட்டும் சீக்கிரம் கிடைக்கும்படி சொல்லுங்கள்” என்பார். ஒரு வருஷம் மார்ச் வந்தது, டெலிபோன் வரவில்லை. சித்திரையில் ஊருக்கு வந்தவரைக் கோயில் வாசலில் பார்த்தேன்.

“ஸார், புது முறைக்கு மாறிவிட்டேன். கம்பெனியில் இப்போது ரசீதுகள் கேட்பதில்லை. அதனால் ஞாபகமே வரவில்லை, பாருங்கள்” என்றார். அந்த மனிதர் பொய் சொல்கிறவர் அல்லர். வெட்கப்பட்டு அங்கேயே டெலிபோனை எடுத்துப் பணத்தை அனுப்பியும் விட்டார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஐயாயிரம் ரூபாய்க்கு அவருக்குக் கிடைத்த கழிவு இரண்டாயிரத்து ஐந்நூறு. அவர் இருந்த நூற்றுக்கு இருபது விகிதத்தில், மேல்வரியையும் சேர்த்து, மிச்சமான வரி 520 ரூபாய். ஐந்நூற்றிருபது ரூபாய் சலுகை போனதற்காக ஒருவர் ஐயாயிரம் ரூபாய் தர்மத்தைக் கைவிடுவாரா? மாட்டார். ஆனால் மார்ச் மாதத்தில் ‘ரசீது எங்கே?’ என்று கேட்ட ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் இருந்தார் பாருங்கள், அவர் போய்விட்டார். சலுகை பலருக்கு விலைத் தள்ளுபடியாக வேலை செய்யவில்லை. பள்ளிக்கூட மணியைப்போல வருஷத்துக்கு ஒரு முறை அடித்து நினைவூட்டியது. மணி நின்ற பிறகு நல்ல பிள்ளையும் நேரத்துக்கு வருவதில்லை. கொடுக்க மனம் இருக்கிறது. கொடுக்க வேண்டிய நாள் என்று ஒன்று இல்லாமற் போயிற்று. பெரும் பணக்காரன் விஷயம் வேறு. நூற்றுக்கு முப்பது விகிதத்தில் பத்து லட்சம் கொடுக்கிறவனுக்குச் சலுகை ஒன்றரை லட்சத்துக்கு மேலே. அவன் கணக்குப் பார்த்துத்தான் கொடுப்பான். எங்கள் மைதானத்துக்கு அப்படிப்பட்டவர் இதுவரை வந்ததில்லை.

இன்னொரு ரகம் உண்டு. அவர்களைப் பற்றிச் சட்டத்துக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. சங்கரன்கோவிலில் முட்டை மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சி, போட்டிக் காலங்களில் தினமும் ஓர் அட்டை முட்டை, அதாவது முப்பது, கொடுத்தனுப்புகிறார்.

“அண்ணாச்சி, இதற்கெல்லாம் ரசீது வாங்கிக்கொள்கிறீர்களா?” என்று கேட்டேன்.

“முட்டைக்கு என்ன ஸார் ரசீது? பையன் குடிச்சிட்டு ஓடுதான். அவ்வளவுதானே” என்றார்.

அவர் சொன்னது சட்டப்படியும் சரிதான்! பணமாகக் கொடுத்தால்தான் 80-ஜி. பொருளாகக் கொடுத்தது எதுவும் சேராது. முட்டை சேராது, பழத்தார் சேராது, மைதானத்தைச் சமப்படுத்த டிராக்டர் அனுப்பியவரின் டீசல் சேராது, ஏழைப் பையன் ஒருவனுக்கு நேரே வாங்கிக் கொடுத்த ஷூ சேராது. பணத்திலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சேராது. முன்பு பத்தாயிரம் வரை அனுமதி இருந்ததை 2017-ல் குறைத்துவிட்டார்கள். கிராமத்தில் தர்மம் நடக்கிற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வேலி போட்டதுபோல் இருக்கிறது. வேலிக்குக் காரணம் இல்லாமலில்லை. பொய் ரசீது எழுதி விற்ற தர்மகர்த்தாக்கள் நாட்டில் எத்தனையோ பேர். இருந்தாலும், அண்ணாச்சியின் முட்டைக்குச் சலுகை ஒருபோதும் இல்லை என்பதால், சலுகை போனபோது அவர் முட்டையும் நிற்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே பொய் ரசீதுக்குப் பயந்து வாங்குகிறவன் தலையில் வைத்த சுமையும் ஒன்று உண்டு. 2021 முதல் தர்ம ஸ்தாபனம் ஒவ்வொன்றும் 80-ஜி அங்கீகாரத்தை ஐந்து வருஷத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். கொடுத்தவர் பெயர், விலாசம், பான் எண், தொகை எல்லாவற்றையும் மே 31-க்குள் சர்க்காருக்கு எழுதி அனுப்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய். வருஷம் முழுவதும் இருபதாயிரம் ரூபாய் வசூல் செய்த பழைய மாணவர் சங்கம் ஒன்று நூறு நாள் தாமதித்தால் வசூல் அவ்வளவும் ஸ்வாஹா. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இப்போது இரண்டு கைக்கும் பான் எண் கேட்கிறார்கள். பெரிய கலாசாலைகளுக்கு ஆடிட்டர் இருக்கிறார். சிறிய சங்கங்களில் ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடையில் காத்திருக்கிறார்.

கம்பெனிகள் கொடுக்குமே என்பார்கள். 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகள் தங்கள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் அந்த ஜாபிதாவில் கிராமிய விளையாட்டும் ஒலிம்பிக் விளையாட்டும் சேர்ந்திருக்கின்றன. மெத்தச் சரி. ஆனால் தாங்கள் தொழில் நடத்தும் சுற்றுவட்டாரத்துக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. மேலநீலிதநல்லூரைச் சுற்றிக் கரிசல் காடு இருக்கிறது. காற்றாலைகள் சுழல்கின்றன, அவற்றின் கணக்குப் புத்தகங்கள் சுழல்வது வேறு பட்டணங்களில். தமிழ்நாட்டு சர்க்கார் 2023 மே மாதம் தொடங்கிய சாம்பியன்ஸ் பவுண்டேஷன் கம்பெனிகளிடமும் ஜனங்களிடமும் பணம் திரட்டி வீரர்களுக்குக் கொடுக்கிறது, நல்ல காரியம். அங்கே போய்க் கையேந்துவதற்கு முதலில் பையன் ஏதாவது ஒரு பதக்கத்தோடு நிற்க வேண்டும். அந்த முதல் பதக்கத்துக்குமுன் உள்ள மூன்று வருஷந்தான் கலாசாலை மைதானத்தின் பொறுப்பு.

கிழக்கே கோவில்பட்டியைப் பார்த்தால் உள்ளூர்ப் பணம் நின்று நிதானமாக வந்தால் என்ன ஆகும் என்று தெரிகிறது. தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் பேர்வாங்கிய அந்த ஊர் ஹாக்கியிலும் பேர்வாங்கியது. உள்ளூர் கே.ஆர். கல்வி ஸ்தாபனத்தாரின் ஆதரவில் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக அகில இந்திய ஹாக்கிப் போட்டி அங்கே நடந்துவந்திருக்கிறது. சர்க்காரின் விளையாட்டு விடுதியும் அங்கே உண்டு. 2022-ல் ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரனும் கார்த்தியும் கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர்கள். பரம்பரையாக ஒரு குடும்பமோ ஸ்தாபனமோ பின்னால் நின்றால், வரிச் சட்டம் இப்படித் திரும்பினாலும் அப்படித் திரும்பினாலும் ஆட்டம் நடக்கிறது. அப்படி ஒருவர் இல்லாத ஊர்களுக்குத்தான் சட்டத்தின் ஒவ்வொரு அசைவும் உறைக்கிறது.

சலுகையைப் புது முறையிலும் அப்படியே கொடுங்கள் என்று கேட்கலாமா? எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. நூற்றுக்கு முப்பது கட்டுகிறவனுக்கு அதிகச் சலுகை, இருபது கட்டுகிறவனுக்குக் குறைவு, அண்ணாச்சிக்கு ஒன்றுமில்லை என்கிற ஏற்பாடு தலைகீழானது. அமெரிக்கர்கள் 2026 முதல் ரசீதுகளைத் தனித்தனியே காட்டாதவர்களும் ஒருவர் 1,000 டாலர், தம்பதிகள் 2,000 டாலர் வரை நன்கொடையைக் கழித்துக்கொள்ளலாம் என்று செய்திருக்கிறார்கள். அது பரவாயில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது இங்கிலாந்தின் ஏற்பாடு. 1990-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், வரி கட்டும் ஒருவர் ஒரு பவுன் நன்கொடை கொடுத்தால் சர்க்கார் 25 பென்ஸ் சேர்த்து, கொடுத்தவருக்கு அல்ல, வாங்கிய தர்மத்துக்கே கொடுக்கிறது. 2002 முதல் ஊர்தோறும் உள்ள அமெச்சூர் விளையாட்டுச் சங்கங்களுக்கும் இது உண்டு. வெள்ளையர் விட்டுப்போன வருமான வரிச் சட்டத்தைப் பல வருஷம் கட்டி அழுதோம். அவர்கள் தம் ஊரில் பின்னாளில் செய்துகொண்ட உருப்படியான காரியத்தைப் பார்த்து வைத்தால் குற்றமில்லை. அவ்விதம் இங்கே இருந்தால், ஐயாயிரம் அனுப்பும் பழைய மாணவருக்கு நினைவூட்டும் வேலையைக் கலாசாலையே செய்யும். சர்க்கார் சேர்த்துக் கொடுக்கும் பணம் தனக்கு வருகிறதென்றால் எந்தச் சங்கமும் மணியடிக்க மறக்காது.

அதுவரை பழைய முறையிலேயே இருக்கும் நேயர்கள் செய்ய வேண்டியது இது. ஸ்தாபனத்துக்கு 80-ஜி அங்கீகாரம் உயிரோடிருக்கிறதா என்று கேளுங்கள். பாங்கி மூலம் மார்ச் 31-க்குள் அனுப்புங்கள். பான் எண்ணைக் கொடுங்கள். சங்கத்தார் சர்க்காருக்குக் கணக்கு அனுப்பிய பிறகு உங்கள் பெயருக்கு வரும் நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் வெறும் ரசீது செல்லாது. புது முறைக்குப் போய்விட்டவர்களுக்கு இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. அவர்கள் மார்ச் மாதத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கலாசாலைகளுக்குள் நடக்கும் போட்டிகள் பெரும்பாலும் ஆடியில் தொடங்கித் தையில் முடிந்துவிடுகின்றன. இத்தனை வருஷமாக வரிக் கணக்குக்காக மார்ச்சில் வந்துசேர்ந்த பணம் ஆட்டம் முடிந்த மைதானத்துக்கே வந்தது. அந்த வருஷத்துப் பையன் பழைய ஷூவில்தான் ஓடினான். ஆனி மாதத்தில் அனுப்பினால் புது ஷூ அவன் காலுக்கு வேளையோடு வந்து சேரும்.